கராம்பு மணக்கும் தாளில் புளித்த பருப்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. பகல் 12.25. உக்குவளையில் வெயில் மங்கிவிட்டது. மலைப் பக்கம் இடி உறுமிக்கொண்டிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை.

நான் சாப்பிட உட்கார்ந்த நேரம். கேற்றைத் தள்ளிக்கொண்டு பரீதா வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. இரண்டையும் என் வாசற்படியில் தொப்பென்று வைத்தார்.

"நாப்பத்தஞ்சும் திரும்பி வந்திருக்கு. எண்ணிப் பாருங்க ஐயா. நீங்கதான் நல்லா எண்ணுவீங்களே!"

எண்ணினேன். நாற்பத்தைந்துதான்.

பரீதா அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். மாத்தளை டவுன் பக்கமுள்ள ஒரு தையல் வேலைத்தளத்துக்குத் தினமும் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பவர். கணவர் முதுகு முறிந்து படுத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவதே இந்த நாற்பத்தைந்து பார்சலால்தான்.

ஒரு பார்சலைப் பிரித்தேன். முதலில் கராம்பு வாசம் வந்தது. அதன் பின்னாலேயே வந்தது புளித்த வாடை. தேங்காய்ப் பால் விட்ட பருப்பு நுரைத்திருந்தது. தாள் தொய்ந்து, கிழிந்து, சோற்றோடு சோறாக ஒட்டியிருந்தது.

"இது எப்படி...?" என்றேன்.

"என்னயக் கேக்குறீங்களா? நீங்க செல்லித்தானே ஐயா நான் இந்தத் தாள வாங்கினேன்! இன்டைக்குத்தான் மொத மொத இதுல கட்டினேன்!"

உண்மை. அதனால்தான் இந்த வாரம் எனக்கு இவ்வளவு கோபம்.

மூன்று வாரத்துக்கு முன் இதே பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். ஸ்டேஷனிலிருந்து பாலம் வரை நடந்து, கழிவுநீர்க் கானுக்குள் கிடந்த, சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகளை எண்ணி — நூற்றுப் பதினேழு — வயிறெரிந்து எழுதியிருந்தேன். எழுதியதோடு நின்றேனா? ஓய்வு பெற்ற தபாலதிபருக்கு வேறு என்ன வேலை? பரீதாவைக் காணும்போதெல்லாம் நச்சரித்தேன். "அந்தப் பொலித்தீனை விடுங்க பரீதா, அது மக்காது, மக்காது..."

அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார் ஓர் ஏஜென்ட். சப்பாத்து மினுங்க, தோளில் பையோடு. மரவள்ளி மாவில் செய்த தாளாம். மண்ணில் போட்டால் மக்கிவிடுமாம். உள்ளே கராம்பு இலைச் சாறு, கறுவாச் சாறு.

"நூறு வீதம் நெச்சுரல் அங்கிள். அன்டிஒக்சிடன்ட். எட்டு மணித்தியாலம் சாப்பாடு கெடாது."

அன்டிஒக்சிடன்ட்! எவ்வளவு பெரிய சொல். அதைவிடப் பெரிய சொல் கராம்பு. மாத்தளைக்காரனை ஏமாற்ற வேறொன்றும் வேண்டாம். பல்வலிக்குக் கராம்பு, இருமலுக்குக் கராம்பு, இறைச்சிக்குக் கராம்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தாளை முகர்ந்தேன். நல்ல வாசம். அப்புறம் என்ன சந்தேகம்?

பரீதா மட்டும் தயங்கினார். வழக்கமாக அவர் எட்டு மணிக்குச் சமைத்து, சோற்றைப் பரப்பி ஆவி போகவிட்டு, பத்தரைக்குத்தான் கட்டுவார். "எட்டு மணித்தியாலம்" என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அப்ப விடிய சுபஹு தொழுதிட்டுச் சமைச்சு, சுடச்சுட ஆறு மணிக்கே கட்டி வச்சிரலாமா? பொறகு இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமே."

"தாராளமா!" என்றார் ஏஜென்ட்.

"தாராளமா!" என்றேன் நானும். யார் கேட்டது என்னை?

நான் கெட்டிக்காரன் வேறு. பரீதா வாங்கிய இரண்டு பக்கற்றிலும் நூறு தாள் என்று போட்டிருந்தது. இரண்டையும் அங்கேயே உடைத்து எண்ணினேன். ஒன்றில் தொண்ணூற்றெட்டு! ஏஜென்ட் அசடு வழிந்து இரண்டு தாள் எடுத்துத் தந்தார். எனக்கு அன்று முழுவதும் பெருமை.

இப்போது பரீதா என் வாசலில் நிற்கிறார்.

"சூப்பர்வைசர் என்ன சொன்னாங்க?"

"காசு தர மாட்டாங்களாம். அந்தப் புள்ளைகள் எல்லாம் வெறும் பிளேன்டி குடிச்சிட்டு மிசின்ல குந்தியிருக்காம். நாளைக்கு ஒரு நாள்தான் பாப்பாங்களாம். புள்ளைகள் என் சோறு வாணான்னு செல்லிட்டா, அதுக்கு மறுநாள்லேருந்து வேற ஆளாம்."

சாப்பாட்டை மூடி வைத்தேன். மிச்சமிருந்த தாள்களைப் பக்கற்றோடு தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து மாத்தளை டவுனுக்குப் போனேன். ஏஜென்ட் தன் கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கிள், பக்கற்றைத் திருப்பி வாசிச்சீங்களா?"

திருப்பினேன். அடியில் இரண்டு வரி. ஆங்கிலத்தில். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். உலர்ந்த, எண்ணெய்ப் பண்டங்களுக்கு மட்டும். சூடான, ஈரமான உணவை வைக்க வேண்டாம்.

"இது கச்சானுக்கு, கஜுவுக்கு, மிக்ஸருக்குச் செஞ்ச தாள் அங்கிள். அதுல உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம இருக்கத்தான் இந்த கராம்புச் சாறு. சோறு புளிக்கிறது கிருமியால. அது வேற கேஸ்."

"இவ்வளவும் தெரிஞ்ச நீங்க, அந்த அம்மாகிட்ட எட்டு மணித்தியாலம்னு ஏன் சொன்னீங்க?"

"கச்சானுக்குச் சொன்னேன்."

"அவங்க சோறுன்னு கேட்டாங்களே! தாராளமான்னு சொன்னீங்களே!"

"நீங்களும்தானே சொன்னீங்க?"

கையில் குடை இருந்தது. இத்தனை வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த பழக்கத்தால் அதைத் தரையிலேயே ஊன்றிக்கொண்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உடைத்த பக்கற்றைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

நல்ல பொருள்தான் அது. வறுத்த கச்சான் கடலை விற்பவர் கையில் கொடுத்தால் அவரும் பிழைப்பார், கானும் பிழைக்கும். அதைச் சோறு கட்டும் பெண்ணிடம் தள்ளிவிட்டவனை என்ன செய்வது? "நெச்சுரல்" என்பதைக் கட்டைவிரல் அளவு எழுத்தில் மூன்று மொழியிலும் போடத் தெரிந்தவர்களுக்கு, "சோறு வைக்காதே" என்பதை ஒரு மொழியில் ஒழுங்காகப் போட இடமில்லையா? அரளி விதையும்தான் நூறு வீதம் நெச்சுரல். சமையலுக்குப் போடுவார்களா?

அப்புறம் இந்தக் கிழவனை என்ன செய்வது? குறைந்த இரண்டு தாளைப் பிடித்தவன், இருந்த இரண்டு வரியை வாசிக்கவில்லை. நாலெழுத்துப் படித்தவன் சொன்னான் என்றுதானே அந்தப் பெண் தன் கைப்பழக்கத்தை மாற்றினார்? ஆவி போகவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை; ஏஜென்டுக்கு அக்கறையில்லை. எங்கள் இரண்டு பேருக்கும்தான் வாய் நீளம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வேலைத்தள வாசலில் பரீதாவோடு நானும் நின்றேன். பார்சல்கள் பத்தரைக்குக் கட்டியவை — பழைய லஞ்ச் ஷீட்டில். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் வந்தார்கள். பையைப் பார்த்தார்கள். யாரும் கை நீட்டவில்லை.

"பிழை இவங்களுடையது இல்ல," என்றேன். "தாளை வாங்கச் சொன்னது நான். காலையிலேயே கட்டலாம்னு சொன்னதும் நான்."

"நீங்க யாரு, ஹெல்த் டிப்பார்ட்மென்டா?" என்றாள் ஒருத்தி.

"இல்ல. பேப்பர்ல எழுதுறவன்."

"அதுதானே பாத்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பரீதா மட்டும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து இன்னொருத்தி, ஊசி குத்திய விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தவள், முன்னால் வந்தாள்.

"அப்ப ஐயா மொதல்ல சாப்பிடுங்க. பத்து நிமிசம் பாக்குறோம். நீங்க விழலைன்னா நாங்க சாப்பிடுறோம்."

நாற்பத்தைந்து பேர் பார்க்க, பரீதா கூடுதலாகக் கட்டியிருந்த ஒரு பார்சலைப் பிரித்து, நடு வெயிலில் நின்றுகொண்டே சோறு தின்றேன். பருப்பு, போஞ்சி, மீன் ஒரு துண்டு, சம்பல். ருசி தெரியவில்லை. பத்து நிமிடம் ஆகுமுன்பே பசி தாங்காமல் ஒருத்தி கை நீட்டினாள். அப்புறம் பை காலி. சூப்பர்வைசர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, சிங்களத்தில் "ஹரி" என்று தலையாட்டி, "நாளைக்கும் கொண்டுவாங்க," என்று உள்ளே போனார்.

பரீதா அப்போதுதான் மூச்சு விட்டார்.

அந்த இரண்டு வரியை வாசிக்காததற்கு நான் கட்டிய கணக்கு: தாள் இரண்டு பக்கற், அவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது, 3,300. ஆட்டோ, இரண்டு நாளும், 1,900. புளித்த பார்சல் நாற்பத்தைந்து, ஒன்று முந்நூறு வீதம், 13,500. அத்தோடு வாசலில் நான் தின்றது, 300 — அதைப் பரீதா கேட்டு வாங்கினார்.

பத்தொன்பதாயிரம் ரூபாய்.