எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

இது நடந்தது. எனக்கு நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிட்டுப் போகலாம், உங்களைக் கெஞ்சிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. சுடுகாடு கிடையாது, நள்ளிரவு கிடையாது. பட்டப்பகல். மார்ச் 24, பிற்பகல் 3.40. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் ரலிட்சா. சோஃபியா நகரத்தில் ஒன்பது வருடமாகச் சுற்றுலா வழிகாட்டி. காலை பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் இருக்கிற சிங்கச் சிலைக்குக் கீழே நிற்பேன். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஊரை நடந்தே சுற்றிக் காட்டுவேன். மதியத்துக்கு மேல் பஸ் பிடித்து விட்டோஷா மலைக்கு. முன்பதிவு எதுவும் இல்லை. முழுப் பெயர்கூடக் கேட்பதில்லை. தலையை எண்ணுவேன், கிளம்புவேன், எண்ணிக்கொண்டே திரும்புவேன்.

இந்த எண்ணிக்கை விஷயத்தில்தான் எனக்கு ஸ்டாமென் மேல் அவ்வளவு கோபம்.

ஸ்டாமெனும் அதே சிங்கத்துக்குக் கீழே நின்ற வழிகாட்டிதான். என் தங்கை கல்யாணத்தில் எல்லார் கையையும் கோத்துக்கொண்டு முதல் ஆளாக நின்று ஆடியவன். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், ஒன்பது பேரை மலைக்குக் கூட்டிப் போனான். ஒன்பது பேரோடு இறங்கினான். அப்படித்தான் சொன்னான். மறுநாள் ஒரு விடுதியில் இருந்து போன் வந்தது. யோஸ்ட் என்கிற டச்சுக்காரர் அறைக்குத் திரும்பவே இல்லை. பனி உருகின பிறகு, மே மாதம், அவர் உடலை எடுத்தார்கள்.

விசாரணையில் ஸ்டாமென் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "எண்ணினேன். சரியாத்தான் இருந்துச்சு."

சிங்கத்துக்குக் கீழே எல்லார் முன்னாலும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்பது வரைக்கும் எண்ணத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குடா இந்தப் பொழைப்பு? போய் ஆடு மேய்! ஆடாவது தானா வீடு திரும்பும்!" எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயரே அதுதான். "அதோ பாரு, 'சரியாத்தான் இருந்துச்சு' போறாரு."

அதோடு விட்டேனா? விசாரணையில் போய், "இவன் ஒருநாளும் ஒழுங்கா எண்ண மாட்டான்" என்று சாட்சி சொன்னேன். அது பொய். அவன் விரல் மடக்கி எண்ணுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. அவன் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு குழுவிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். "என் கையில ஒருத்தர்கூடத் தொலைஞ்சதில்லை."

சரி, மார்ச் 24-க்கு வருகிறேன்.

அன்று பதினோரு பேர். எங்கள் ஊரில் மார்ச் ஒன்றாம் தேதி எல்லாரும் மணிக்கட்டில் மார்த்தெனிட்சா கட்டிக்கொள்வோம். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கின நூல். முதல் பூத்த மரத்தைப் பார்க்கிற அன்று அதை அவிழ்த்துக் கிளையில் கட்டிவிட வேண்டும். மார்ச் மாதக் குழுக்களுக்கு நானே கட்டிவிடுவேன். என் நூலில் மட்டும் ஒரு நீல மணி இருக்கும். என் ஆட்கள் என்று அடையாளம். பதினோரு கை, பதினோரு நூல், பதினோரு நீல மணி.

அந்தக் கும்பலில் மில்டா என்று ஒரு பெண். லித்துவேனியாவில் இருந்து தனியாக வந்த மாணவி. அப்பப்பா, வாயா அது! ரோமானியர் கட்டின சுவரைக் காட்டினால் "ஏன் இடிஞ்சுது?" வெந்நீர் ஊற்றைக் காட்டினால் "ஏன் சுடுது?" மஞ்சள் கல் பாவின தெருவில் நின்று கால் மணி நேரம் போட்டோ. மலை ஏறும்போதும் தொணதொணதொண. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

2.40-க்கு பொயானா அருவி. பாதிக்குப் பாதி பனிக்கட்டி. 3.05-க்கு எல்லாரையும் இறங்கச் சொன்னேன். இவள் மட்டும் வரவில்லை.

"அக்கா, ஒரே ஒரு போட்டோ…"

"ஏய், காலைல இருந்து உன் ஒருத்தியாலதான் எல்லாருக்கும் லேட்டு. வாயை மூடிக்கிட்டு நட. இனி ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக்கூடாது!"

அவள் முகம் சுண்டிப்போனது. வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்?

3.20-க்கு மூடுபனி இறங்கியது. மலையில் அது சொல்லிக்கொண்டு வராது. ஐந்து நிமிடத்தில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை.

3.40. ஒரு விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதரை. எல்லாரையும் நிறுத்தி விரல் மடக்கி எண்ணினேன்.

பதினொன்று.

கடைசியில் சாம்பல் நிறத் தொப்பிச் சட்டை போட்ட ஓர் உருவம். தலை குனிந்திருந்தது. மில்டாதான், கோபித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். குளிரில் எல்லார் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வாயில் மட்டும் வரவில்லை. கவனித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

மேலே எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு சத்தம்.

கீ…ஈ…

ஏதோ பறவை என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

4.10-க்கு மறுபடி எண்ணினேன். பதினொன்று. 4.30-க்கு பொயானா பஸ் நிறுத்தம். மூன்றாவது தடவை எண்ணினேன். பதினொன்று. மனசுக்குள் ஸ்டாமெனை நினைத்துக்கொண்டேன். இவ்வளவுதானடா வேலை, இதைச் செய்ய உனக்கு என்ன கேடு?

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளம் மரம். வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அந்த வருடத்தின் முதல் பூ.

"எல்லாரும் கையை நீட்டுங்க. நூலை அவிழ்த்து இந்தக் கிளையில கட்டணும். மனசுல ஒண்ணு வேண்டிக்குங்க."

ஒவ்வொரு கையாக அவிழ்த்தேன். போர்ச்சுகலில் இருந்து வந்த துவார்த்தே, கிழங்கு போல விரல் உள்ள பெரிய மனிதர், முதல் ஆள். அவர் கை. அடுத்த கை. அடுத்த கை. நீல மணி, நீல மணி, நீல மணி. பத்து நூல் கிளையில் ஏறியது.

பதினோராவது கை.

சாம்பல் நிறச் சட்டைக் கைக்குள் இருந்து மெதுவாக நீண்டது. நனைந்திருந்தது.

நூல் இருந்தது. சிவப்பு இல்லை. வெள்ளையும் இல்லை. வெளுத்து, மண் நிறமாகி, சதைக்குள் புதைந்திருந்தது.

நீல மணி இல்லை.

முடிச்சில் விரலை வைத்தேன். சில்லிட்டது. கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

"யாரு நீ?"

சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்க குழுவா?"

தலை ஆடியது. இடமும் வலமுமாக… மெதுவாக…

வெளிநாட்டுக்காரர்கள் 'இல்லை' என்றால்தான் அப்படி ஆட்டுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம்.

"மில்டா!" என்று கத்தினேன். யாரும் குரல் கொடுக்கவில்லை.

4.38.

துவார்த்தேயைப் பிடித்து உலுக்கினேன். "அந்தப் பொண்ணு எங்கே? வாய் ஓயாம பேசுமே, அது எங்கே?"

"மேலேர்ந்தே சத்தத்தைக் காணோமே மேடம். நீங்க திட்டினதுல அமைதியாயிடுச்சுன்னு நினைச்சோம்."

நான் திட்டினதில். மீட்புக் குழுவுக்குப் போன் போட்டேன். எல்லாரையும் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் உட்காரச் சொன்னேன். பேட்டரி விளக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே மேலே ஓடினேன்.

எவ்வளவு வேகமாக ஓடினேனோ எனக்கே தெரியாது. வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். பின்னால் கல் சரிகிற சத்தம்.

சரக்…

நின்றேன். சத்தமும் நின்றது.

ஓடினேன்.

சரக்… சரக்…

திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை.

5.25. விழுந்த மரம் இருந்த சமதரை. அதற்கு நேர் மேலே, பாதையிலிருந்து இருபதடி தள்ளி, இரண்டு பாறைக்கு நடுவில் மில்டா கிடந்தாள். வலது கால் முறிந்து திரும்பியிருந்தது. உதடு நீலம். கையில் என் நூல், நீல மணி.

"மில்டா! அடிப் பாவி, என்னடி ஆச்சு?"

"வழுக்கிடுச்சுக்கா… கத்தினேன்… கத்திக்கிட்டே இருந்தேன்…"

"பேசாதே. வந்துட்டாங்க. இதோ வந்துட்டாங்க."

"நீங்க எண்ணினதைப் பார்த்தேன்."

"என்ன?"

"பனி ஒரு நிமிஷம் விலகிச்சு. கீழே நீங்க விரல் விட்டு எண்ணினீங்க. என் இடத்துல யாரோ நின்னாங்க." அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. "நீங்க எண்ணும்போது… அது நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சுக்கா."

6.20-க்கு மீட்புக் குழு வந்து தூக்கிப் போனது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். கடைக்குத் திரும்பினபோது மற்றவர்கள் சூப்புக் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். பத்து.

"அந்தச் சாம்பல் சட்டை எங்கே?"

துவார்த்தே என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன மேடம், அவர் உங்க பின்னாடியே மலை ஏறிப் போனாரே. உங்களுக்கு ரெண்டடி தள்ளித்தான் ஓடினாரு."

மறுநாள் விடியற்காலையே ஸ்டாமெனிடம் போனேன். சந்தைக்குப் பக்கத்தில், பானிட்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கிற கடையில் அடுப்படி வேலை பார்க்கிறான். ஆறு வருடமாக அந்தத் தெருப் பக்கமே போகாதவள் நான். ஒரு தட்டு பானிட்சாவோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்ன, இன்னும் திட்ட பாக்கி இருக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெளுத்த நூல் என்று சொன்ன இடத்தில் தட்டைக் கீழே வைத்தான்.

"மண் நிறமா?"

"ஆமா."

"யோஸ்ட் தொலைஞ்ச அன்னிக்கு நானும் பஸ்ல அந்தக் கையைப் பார்த்தேன், ரலிட்சா. யாரோ போன வருஷத்து நூலை அவிழ்க்காம வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

"அது யோஸ்ட்டோட ஆவியா?"

"யோஸ்ட்டை நான்தான் அடையாளம் காட்டப் போனேன். அவர் கையில நான் கட்டின நூல் அப்படியே செக்கச்செவேல்னு இருந்துச்சு. இது அவருக்கும் முந்தின ஆளு."

"ஸ்டாமென், நான் விசாரணையில சொன்னது…"

"பொய்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஒண்ணு மட்டும் கேட்கிறேன். ஒருத்தரையும் தொலைச்சதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே. ஒவ்வொரு தடவையும் கையைப் பார்த்தியா? இல்லை, என்னை மாதிரி தலையை மட்டும் எண்ணினியா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று கிளம்பிவிட்டேன். நேராகச் சிங்கத்துக்குப் போய், ஸ்டாமென் எண்ணினது உண்மை, நான் சொன்னதுதான் பொய் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். சிரித்தார்கள். இப்போது அந்தப் பட்டப்பெயர் எனக்கு. கூப்பிட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன.

மூன்றாம் நாள், மில்டா விஷயமாக எழுதிக் கொடுக்க மீட்புக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். நேரம் 11.15. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

சுவரில் காணாமல் போனவர்களின் படங்கள். ஏழெட்டு இருக்கும். கடைசிப் படத்தில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். போன வருடம் மார்ச்சில் தனியாகச் சுற்றுலா வந்தவள். எந்த ஊரில், எந்த இடத்தில் தொலைந்தாள் என்றே தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்தது.

அவளே எடுத்துக்கொண்ட படம். பின்னால் கல்லில் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. யார் கண்ணுக்கும் அது வெறும் கல். ஒன்பது வருடம் அதன் கீழே நின்ற எனக்குத் தெரியாதா? என் சிங்கத்தின் பாதம்.

அவள் சிரித்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டியிருந்தாள். மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல்.

நீல மணி.

அவள் வந்த அன்றைய குழு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினாலு பேர். இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் எண்ணினேன்.

சரியாகத்தான் இருந்தது.