அம்மன் கழுத்தில் கம்பளி

கோம்பை ஊரில் கம்பளி நூலோடு மல்லுக்கு நின்ற ஒரே பொம்பளை கஸ்தூரியம்மாள்தான். சித்திரை வெயிலில் நாய்கள்கூட வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிற ஊர் அது. அந்த ஊரில் ஒருத்தி வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, இரண்டு கம்பிகளை டிக் டிக்கென்று தட்டிக் குல்லா பின்னிக்கொண்டிருந்தால் போகிறவர்கள் சும்மா போவார்களா?

"என்னத்தா, கோழிகளுக்கெல்லாம் குளிருதாக்கும்? சட்டை பின்னிப் போடுறியா?"

"ஒங்க மாமியாளுக்கு வாய்ப்பூட்டு பின்னுறேன். போயி அளவு எடுத்துட்டு வாங்க" என்பாள் கஸ்தூரியம்மாள், தலையை நிமிர்த்தாமலே. வாய் ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும். கண்ணி எண்ணிக்கை மட்டும் தப்பாது.

இந்த வித்தை அவளுக்கு மலையில் கிடைத்தது. கல்யாணம் முடிந்த கையோடு புருசன் ஒச்சாண்டி அவளைக் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். அவனுக்கு வண்டி ஓட்டுகிற வேலை. அவளுக்கு நடுங்குகிற வேலை. தோட்டத்துக் கம்பவுண்டர் பெண்டாட்டி அம்மிணி ஒருநாள் பார்த்தாள். "எந்தா கஸ்தூரி, இப்படி வெறச்சுக்கிட்டு இருந்தா மதியோ? கையை அனக்கணும், ஆட்டிக்கிட்டே இருக்கணும்!" என்று சொல்லி, இரண்டு கம்பிகளை அவள் கையில் திணித்தாள். மூன்று வருசத்தில் குல்லா வந்தது, கையுறை வந்தது, காலுறை வந்தது. கிறிஸ்மஸ் வந்தால் அம்மிணி வீட்டு வாசலில் நூலால் பின்னிய நட்சத்திரங்கள் தொங்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒற்றைக் கொக்கி ஊசி வேலையையும் பிடித்துக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்த பிறகு, மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குல்லாவுக்காக அவளைத் தேடி வந்தார்கள். நூல் தோரணத்துக்கோ தெருவே வந்தது. பொங்கலா, காதுகுத்தா, சடங்கா, வாசலில் கஸ்தூரியம்மாளின் வெள்ளைப் பூத்தோரணம் தொங்கினால்தான் விசேஷ வீடு. கேலி பேசின அதே வாய்கள், "நம்ம கஸ்தூரி கைய வெட்டிக் கண்ணாடிப் பொட்டியில வைக்கணும்" என்றன. அவளுக்கு அது கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. மறைப்பானேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருசம். பங்குனி பிறக்கும்போதே பூசாரி சுயம்புலிங்கம் வந்து நின்றார். அவருக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் தொண்டையைச் செருமாவிட்டால் மூன்றாவது வார்த்தை வராது.

"இந்தாத்தா. ம்க்கும். பூமாலை போட்டா பொழுதுக்குள்ள வாடிப்போகுது. நம்ம தெரு ஆத்தாளுக்கு, ம்க்கும், வாடாத மாலையா நூல்ல ஒண்ணு பின்னிக் குடு. வருசம் பூராம் போட்டுக்கிருவா."

"எவ்வளவு நீளத்துக்குச் சாமி?"

"ஒனக்கு எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

அங்கேதான் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆத்தா முழங்காலத் தொடும், பாருங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் அது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஒரு மாதத்துக்கு மேல் பின்னினாள். மல்லிகை மொக்கு மாதிரி சின்னச் சின்னப் பூக்கள், இடையிடையே இலை. நாத்தனார் ராசாத்தியின் மகள் ராக்கு, ஏழு வயசுச் சிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிவிடுவாள். "அத்தை, ஆத்தாளுக்குக் கழுத்து வலிக்காதா?" என்பாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் நூல் தீர்ந்துபோனது. மாலை முழங்காலைத் தொட இன்னும் ஒரு சாண் வேண்டும். ஒச்சாண்டியை உத்தமபாளையத்துக்கு விரட்டினாள். வெறுங்கையோடு வந்தவன், கடைக்காரர் மாதிரியே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவதுபோல் விரலால் காட்டிப் பேசினான்.

"'வெள்ளை நூலா? சண்டை நடக்குது அப்பு! நீ என்ன, நூல் கேட்டு வந்து நிக்கிற?' அப்படிங்கிறாரு. நான் என்ன செய்ய? சப்பான்காரன்ட்ட போயிக் கேக்கவா?"

ஒரு சாண் குறைவாகவே கொடுத்திருக்கலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தெருதான் சிரிக்கும். கஸ்தூரியம்மாள் பெட்டியைத் திறந்தாள். குல்லாவுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளைக் கம்பளி நூல் ஓர் உருண்டை கிடந்தது. அதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பருத்தி நூலின் நுனியோடு முடிச்சுப்போட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மாரியாத்தா சூட்டுக்காரி. அவளைக் குளிர்விப்பதற்குத்தான் அத்தனையும்: வேப்பிலை, மஞ்சத்தண்ணி, கூழ், இளநீர், குடம் குடமாக அபிசேகம். அவள் உடம்பு கொதித்தால் ஊர்ப் பிள்ளைகள் உடம்பில் அம்மை முத்துப்போடும். அப்படிப்பட்டவள் கழுத்தில், சித்திரை மாதத்தில், ஆட்டு ரோமம்!

மாலையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கினாள். பருத்தி இளமஞ்சளாக நின்றது. கம்பளியோ மஞ்சளைக் குடிகுடியென்று குடித்துப் பொன்னாகத் தகதகத்தது. மறுநாள் கோயிலில் பெண்கள் மாலையைச் சுற்றி நின்று சரியாக அந்த ஒரு சாண் இடத்தைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"இந்த எடத்துல மட்டும் தங்கமாட்டம் மின்னுதே! எப்படித்தா?"

"கைப்பக்குவம்" என்றாள் கஸ்தூரியம்மாள்.

மாலையைச் சாத்திவிட்டு அதன் மேலேயே தண்ணீரை ஊற்றினார் பூசாரி. இருபத்தோரு குடம். ஐந்தாவது குடத்தில் அவர் மூக்கு விடைத்தது.

"ஏலே, எவன்டா அது? ம்க்கும். ஆட்ட உள்ள விட்டது எவன்டா? நனைஞ்ச ஆட்டு வாடை அடிக்குது!"

வெளியே நேர்ச்சைக் கிடாய் கட்டியிருந்தது. அதை இன்னும் பத்தடி தள்ளிக் கட்டினார்கள். கூட்டம் சிரித்தது. கஸ்தூரியம்மாளும் சிரித்தாள். சேலைக்குள் அவள் முதுகு மட்டும் வேர்த்து ஒழுகியது.

ஐந்தாம் நாள் ராக்குவுக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் முகத்தில் முத்து.

ராசாத்தி வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அந்த வீட்டில் தாளிப்பு நின்றது, தலைசீவுவது நின்றது. ராசாத்தியின் புருசன் பிச்சைமணி மலையில் இருந்தான். அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. வேப்பிலை ஒடித்துக்கொண்டுபோய், இளநீர் வெட்டிக்கொண்டுபோய் வாசலில் வைக்கிற வேலை கஸ்தூரியம்மாளுடையது. வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

"ராசாத்தி... பிள்ளை எப்படி இருக்கு?"

"கொதிக்குது மதினி. கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிருச்சு. 'அத்தை எங்க, அத்தை எங்க'ன்னு ஒங்களத்தான் பெனாத்துறா."

கொதிக்குது. அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. நேராகக் கோயிலுக்குப் போனாள். திரை விலகியிருந்தது. காலை அபிசேகத்தில் நனைந்து, காய்ந்தும் காயாமலும் கனத்துக் கிடந்தது மாலை. மற்ற இடமெல்லாம் உலர்ந்துவிட்டது, அந்த ஒரு சாண் மட்டும் இன்னும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாமி, மாலையில ஒரு கண்ணி விட்டுப்போச்சு. கழட்டிக் குடுத்தீகன்னா சரிபண்ணித் தாரேன்."

"எங்க? ம்க்கும். எந்த எடத்துல?" குனிந்து பார்த்தார் பூசாரி. "நல்லாத்தான இருக்கு? ஆத்தா மேல சாத்துனது, அடுத்த சித்திரைக்குத்தான் எறங்கும். எறக்கணும்னா முகாந்திரம் வேணும். இருக்கா?"

முகாந்திரம் இருந்தது. சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெருவே வந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்ன கையை வேறு எங்கே வைப்பார்களோ. ராசாத்தி என்ன சொல்வாள் என்பதை நினைக்கவே முடியவில்லை. "ஒண்ணுமில்ல சாமி" என்று திரும்பிவிட்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் ராசாத்தி வாசலுக்கு எத்தனை தரம் போனாள் என்று கணக்கில்லை. சொல்லத்தான் போவாள். வேப்பிலையை வைப்பாள், வாயைத் திறப்பாள். உள்ளே பிள்ளை முனகும். "வாரேன் ராசாத்தி" என்று வந்துவிடுவாள். வீட்டில் ஒச்சாண்டி, "என்னடி, குட்டிபோட்ட பூனையாட்டம் குறுக்கயும் நெடுக்கயும் அலையிற?" என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தாள். கம்பியை எடுத்தால் கண்ணி எண்ணிக்கை தப்பியது. நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ராக்குவின் முனகலும் கேட்கவில்லை. கஸ்தூரியம்மாள் இளநீரைக் கீழே போட்டாள். வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். நூல் பத்தாமல் போனதை, கம்பளியை, மஞ்சளை, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

உள்ளே இருந்து ராசாத்தியின் குரல், கிணற்றுக்குள் இருந்து வருகிறதுபோல வந்தது.

"எப்ப இருந்து மதினி இது ஒங்களுக்கு மனசுல இருக்கு?"

"இன்னைக்குத்தான் புள்ள. இப்பத்தான் தோணுச்சு. தோணுன ஒடனே ஓடியாறேன்."

"சரி. போயிக் கழட்டச் சொல்லுங்க. மொதல்ல அதச் செய்யிங்க."

பூசாரி முழுக்கக் கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தவள் கையைக் கட்டி நின்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆட்டு வாடை! ம்க்கும். நான் அன்னைக்கே சொன்னேன்ல? கெடாயப் போயித் தள்ளிக் கட்டுனீங்களேடா! என் மூக்கு பொய் சொல்லுமா?" என்று தெருவைக் கூட்டிய பிறகுதான் அவருக்குக் கோபம் ஞாபகம் வந்தது. வந்தபிறகு அதுவும் கொஞ்சநஞ்சமாக வரவில்லை.

மாலை இறங்கியது. கோயில் வாசலிலேயே உட்கார்ந்து கஸ்தூரியம்மாள் அதைப் பிரித்தாள். கொக்கிப் பின்னலில் கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் சரசரவென்று வந்துகொண்டே இருக்கும். முதலில் கம்பளி வந்தது. ஒரு சாணும் வந்து முடிந்து பருத்தி தொடங்கிய இடத்தில், "போதும்த்தா, நல்ல நூலு, ஏன் பாழாக்குற?" என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒரு மாத வேலை மடியில் புழுமாதிரிச் சுருண்டு கிடந்தது.

"நெருப்புல போடுங்க" என்றாள் ஒருத்தி.

"ஏன், இன்னுங் கொஞ்சம் சூட்டக் கெளப்பவா?" என்றார் பூசாரி. "கொண்டுபோயி, ம்க்கும், வாய்க்கால்ல விடுங்க."

ராக்கு பிழைத்தாள். அம்மை இறங்கி, மூன்று தண்ணி ஊற்றி வெளியே கொண்டுவந்தபோது கன்னமெல்லாம் குழி. கண்ணுக்குச் சேதமில்லை. மாலையை இறக்கியதால்தான் ஆத்தாளும் இறங்கினாள் என்று தெரு சொன்னது. தடுப்பூசி குத்த வந்த அம்மைக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, ஆத்தாவுக்கு ஸ்வெட்டர் போட்டா பிள்ளைக்கு ஸ்மால்பாக்ஸ் வருமா? இது உள்ள பூந்து பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் தலையக் காட்டும். நீங்க மாலை போட்டு அஞ்சே நாள்ல காய்ச்சல்னா, அதுக்கு முந்தியே எங்கயோ வாங்கியாச்சு. சின்னமனூர்ச் சந்தைக்குப் பிள்ளையக் கூட்டிப் போனீங்களா?"

கூட்டித்தான் போயிருந்தாள் ராசாத்தி. அதோடு தெரு கஸ்தூரியம்மாளை விட்டுவிட்டது. கேலி மட்டும் மிஞ்சியது. "ஆத்தாளுக்கு இந்த வருசம் காலுறையா, குல்லாவா?" என்று கேட்டார்கள். அவளும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள்.

ஆனால் அந்த இரண்டு நாள் அவளை விடவில்லை. கம்பளியால் வரவில்லை என்று அம்மைக்காரர் சொல்லிவிட்டார், சரி. அது அவளுக்கு அப்போது தெரியாதே. கம்பளியால்தான் என்று நெஞ்சார நம்பிக்கொண்டு, பிள்ளை உள்ளே வேகும்போது இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் "இன்னைக்குத்தான் தோணுச்சு" என்று ஒரு பொய். ராக்கு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அந்தக் குழிவிழுந்த கன்னம் இவள் கன்னத்தில் உரசும். கஸ்தூரியம்மாள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவாள். தன் பிள்ளைகளுக்குப் பின்னியதைவிட ராக்குவுக்குத்தான் அதிகம் பின்னினாள். போதவில்லை.

ஆறு வருசம் போனது. ராக்கு பெரியமனுசியானாள். சடங்குக்குத் தோரணம் பின்ன ராசாத்தி வீட்டிலேயே வந்து உட்கார்ந்தாள் கஸ்தூரியம்மாள். ராசாத்தி கலர் நூலைக் கண்டாகச் சுற்றிக்கொடுத்தாள். "நல்லாத் தொட்டுப் பாத்துக்கங்க மதினி, பருத்திதானான்னு" என்று வழக்கமான கேலி.

கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. ஊசியை மடியில் வைத்தாள்.

"ராசாத்தி. அன்னைக்கு நான் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னைக்குத் தோணல. ரெண்டு நாளைக்கு முன்னமே தோணிருச்சு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசாம இருந்தேன்."

ராசாத்தி நூலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு நாளா வாசலுக்கு வந்து வந்து வாயத் தொறந்துட்டுத் திரும்பிப் போனீகள்ல? வேப்பிலைச் சந்து வழியா உள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். என்னமோ இருக்குன்னு நெனச்சேன். நீங்க வந்து சொன்னப்ப அதுதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் புள்ள கேக்கல?"

"கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும். சண்டை வந்தா எளனி யாரு கொண்டாந்து வைப்பா? அந்தத் தெருவுல வேற ஒரு நாதி வந்துச்சா?" கண்டின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள் ராசாத்தி. "அப்பறம் பிள்ளை எந்திரிச்சிருச்சு. எந்திரிக்காமப் போயிருந்தா, மதினி, இந்நேரம் நீங்க இங்கன ஒக்காந்திருக்க மாட்டீக."

அதை அவள் கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். கஸ்தூரியம்மாளுக்கு ஆறு வருசத்து அழுகையும் சேர்ந்து வந்தது. மடியில் கிடந்த சிவப்புத் தோரணத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அங்கிட்டுத் திரும்பி அழுங்க" என்றாள் ராசாத்தி. "சந்தை நூலு. நனைஞ்சா சாயம் எறங்கிரும்."