ரெண்டு நூல் தட்டை

“பின்னாடி நல்லா கீது. முன்னாலதான் ஒரு நூலு எடுக்கணும்.”

உளியை மரத்திலிருந்து எடுக்காமலேயே துளசிங்கம் சொல்கிறார். சொல்வது மரத்தைப் பற்றி அல்ல. மலைப்படி இறங்கி, சந்தனம் பூசிய மொட்டையோடு தெருவில் போகிற யாரோ ஒருவருடைய தலையைப் பற்றி. நூல் என்றால் அவர் தொழிலில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

திருத்தணி முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு வழியாகத்தான் வருவார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் என் சோடாக் கடை. அந்தப் பக்கம் துளசிங்கத்தின் மரக் கடைசல் பட்டறை. மொட்டைக்காரர்களுக்குத் தாகம் எடுக்கும், அதனால் எனக்கு வியாபாரம். அவருக்கு அவர்களால் ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆனாலும் ஒரு தலையை விடமாட்டார்.

ஒரு தடவை அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவர் நல்ல சந்தோஷமாக இறங்கி வந்தார். துளசிங்கம் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, “சார், முன்பக்கம் ஃபஸ்ட் கிளாஸ். பின்னாடி சென்டர் அவுட்டு” என்றார். அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்மண்டையைத் தடவிக்கொண்டே போனார். பஸ்ஸிலும் தடவியிருப்பார். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு கிழவிக்கு மட்டும் வேறு தீர்ப்பு கிடைத்தது. “ஆயா, இந்த மாதிரி உருண்டை என் லேத்துல வராது.” கிழவி மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வெயிலுக்கு மூடியிருந்த முக்காட்டை எடுத்துவிட்டு நடந்தாள்.

துளசிங்கம் தரையில் உட்கார்ந்துதான் கடைவார். உளியின் பிடி கையில் இருக்கும், முனையை வலது கால் கட்டைவிரல் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடம் அப்படிப் பிடித்ததில் அந்தக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு சண்டை போட்டுக்கொண்டதுபோலத் தனியாக விலகி நிற்கிறது. எந்தக் கடைச் செருப்புக்குள்ளும் அது அடங்காது. கட்டில் கால், காவடித் தண்டு, பூரிக்கட்டை, பம்பரம், தறிக்கு நூல் சுற்றும் பாபின் என்று எது கேட்டாலும் கடைந்து கொடுப்பார். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பார். ஏன் கண்ணை மூட வேண்டும் என்று கேட்டேன். “கண்ண நம்பி பத்து பாபின் கெடுத்துட்டேன் பாவா” என்றார். என்னை பாவா, அதாவது மச்சான் என்றுதான் கூப்பிடுவார். உறவு ஒன்றுமில்லை. எதிர்க்கடை உறவு.

தலையில் எப்போதும் ஒரு துண்டு கட்டியிருக்கும். அதுதான் அவருடைய பீரோ. பென்சில், பீடிக் கட்டு, தீப்பெட்டி, அளவு எழுதிய சிகரெட் அட்டை எல்லாம் அதற்குள்தான். அளவு சொல்லிவிட்டுப் போன கட்டிலுக்காரர் ஆறு மாதம் கழித்து வந்தாலும், துண்டுக்குள் கையை விட்டு அவருடைய கட்டில் காலை எடுத்துவிடுவார். “தூங்கும்போதும் அவுக்கமாட்டாரு. பென்சில் என் கண்ணைக் குத்துது” என்பாள் அவர் சம்சாரம் அம்சா.

அம்சாவுக்கு இன்னும் குறைகள் உண்டு. “கையில எது கெடச்சாலும் இடுப்பு வச்சிடுவாருண்ணா.” உண்மைதான். அவர்கள் வீட்டு மத்துக்குக் கழுத்தில் மூன்று வளையம். துடைப்பக் கட்டைக்கு அடியில் தாமரை மொட்டு. உலக்கை சொரசொரப்பாக இருக்கிறது, ஒரு சுற்று விட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். ஒரு சுற்றில் வட்டம் வரவில்லை என்று இன்னொரு சுற்று. அதற்கும் வரவில்லை என்று மூன்றாவது. திரும்பி வந்த உலக்கை பூரிக்கட்டைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அம்சா நெல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறாள்.

கரண்ட் போய்விட்டால் மோட்டாருக்குப் பதில் அம்சாதான் பழைய சக்கரத்தில் கயிறு போட்டு இழுப்பாள். முந்தின நாள் சண்டை என்றால் இழுப்பு வேகமாக இருக்கும். அந்த நாள் கடைந்த பம்பரத்தை அவரே எடுத்துக் காட்டுவார். “இந்த வரி ஏன் இவ்ளோ ஆழமா வுழுந்திச்சு தெரியுமா பாவா? நேத்து கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னேன்.”

இப்படிப்பட்ட ஒரு மனிதருக்கு எதிரில் கடை வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பேரன் பிறந்தான்.

என் மகள் சந்திராவைப் பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருக்கும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறேன். பிரசவத்துக்கு வந்தவள் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். பையனைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் சோடா வாங்க வந்தவர்கள் மீதிக் காசை வாங்காமலே போய்விடுகிறார்கள். முதல் பல் வந்ததைத் தெரு முழுக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து, பையனுடைய பின்மண்டை வலது பக்கம் தட்டையாகிவிட்டது. முடி வளர்ந்து அதை மூடிக்கொண்டது.

முடியையும் மீறிக் கண்டுபிடித்தவர் சம்பந்தியம்மா ஜெயம்மாள். அன்றிலிருந்து சந்திராவுக்கு தினமும் அதே பேச்சு. “அம்மா வூட்ல கொழந்தையைத் திருப்பிப் போடக்கூட ஒரு ஆளு இல்ல.” சந்திராவும் விடவில்லை. “உருண்டையாத்தான் கீது அத்த” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஜெயம்மாள் ஒரு முடிவு சொன்னார். “பதினோராம் மாசம் திருத்தணில மொட்ட போடறோம். நேரா துளசிங்கத்துகிட்ட காட்டறோம். அவரு சொல்லட்டும்.” அவர்கள் வீட்டுத் தறிகளுக்கு ஏழு வருடமாக பாபின் கடைந்து கொடுப்பவர் துளசிங்கம்தான். வட்டத்தைப் பற்றி அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. தட்டை என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வந்தால், என் மகள் ஆயுசு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மொட்டைக்கு ஐந்து நாள் முன்னாலிருந்தே தினம் ஒரு பன்னீர் சோடாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நாலாவது நாள் விஷயத்தைச் சொன்னேன்.

“உருண்டைன்னு ஒரு வார்த்த சொல்லிடு துளசிங்கம். கொழந்ததானே.”

அவர் கோலியைத் தட்டி உள்ளே தள்ளி, பாதி பாட்டிலைக் குடித்து, ஏப்பம் விட்டார்.

“சோடா நல்லா கீது பாவா. ஆனா தல தலதான். என் மாமனாருக்கே சென்டர் அவுட்டுன்னு சொன்னவன் நானு.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“இன்னி வரைக்கும் பேசல.”

மறுநாளும் சோடா கொண்டுபோனேன். அதையும் குடித்தார். முடிவு மாறவில்லை.

கிருத்திகை அன்று மலையில் பையனுக்கு முடி இறக்கினார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நாவிதரின் மூக்கைப் பிடித்து இழுத்தான். நான் பார்த்ததிலேயே அழகான மொட்டை அது. பின்னால் மட்டும் பார்க்கக் கூடாது. படியிறங்கியதும், “பஸ் ரோடு வழியா போலாமே, நெழலா இருக்கும்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“பாபின் வாங்கணுமேண்ணா” என்று சம்பந்தியம்மா பையனைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

“இந்தாங்க, எங்க வூட்டு உருப்படி. வட்டமா, இல்லியா? ஒரே வார்த்த.”

துளசிங்கம் மோட்டாரை நிறுத்தினார். ஒரு தலைக்காக அவர் மோட்டாரை நிறுத்தியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் ஆரம்பித்து மெல்லத் தடவினார். பையன் கூச்சத்தில் சிரித்தான். சந்திரா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை காதைத் தாண்டிப் பின்னால் போய், வலது பக்கம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“தட்டை” என்றார். “ரெண்டு நூலு.”

“கேட்டியாடி சந்திரா?” என்றார் ஜெயம்மாள். “நான் சொன்னப்போ எத்தினி வாய் பேசினே?”

சந்திரா தலை குனிந்தாள். நான் அவருக்குக் கொடுத்த ஐந்து சோடாவையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

துளசிங்கம் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்க்கா, ஏழு வருஷமா என் பாபின் உங்க தறியில ஓடுதே. என்னிக்குனா ஒண்ணு வட்டம் தப்பி தூக்கி அடிச்சுதா?”

“சேச்சே. உங்க கை வட்டம் யாருக்கு வரும்? அதனாலதானே உங்களாண்ட கேக்கறேன்.”

“ஆங்” என்றார் அவர்.

வாசல்படியில் நின்ற அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துளசிங்கம் தலைத் துண்டுக்குள் கையை விட்டு முதலில் பென்சிலை எடுத்தார். அப்புறம் பீடிக் கட்டு. அப்புறம் தீப்பெட்டி, சிகரெட் அட்டைகள். ஒவ்வொன்றாக லேத்தின் மேல் வைத்தார். துண்டின் முடிச்சை அவிழ்த்தார். முடி முக்கால்வாசி கொட்டிப்போன தலை. பின்பக்கம், பையனுக்கு இருக்கிற அதே வலது பக்கத்தில், ஒரு சோடா பாட்டிலை நிற்க வைக்கலாம். அவ்வளவு தட்டை.

பையனுக்கு எட்டுகிற மாதிரி குனிந்தார். அவன் உள்ளங்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை நூலு என்று அவன் சொல்லட்டும் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.