சூடேற்றிய கை

வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தால் ஆலையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். டாக்டர் அறைக்குள் நுழையுமுன் கம்ப்ரசரின் சூடான குழாயைப் பிடித்துக் கைகளைச் சூடேற்றிக்கொள்வார்கள். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து வெளுத்த விரல் சிவந்துவிடும், டாக்டரும் நன்றாயிருக்கிறது என்று எழுதிவிடுவார். இல்லாவிட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களே என்ற பயம்தான்.

தாடிக்காரருக்கு இந்த வருஷம் அந்தப் பயம்கூட அலுத்துவிட்டது. பதினெட்டு வருஷம் இரும்பைத் தேய்த்து விரல்நுனியெல்லாம் மரக்கட்டை. பச்சைத்தண்ணீர் பட்டால் சுண்ணாம்பாக வெளுக்கிறது. மெஷின் வேலை கூடாதென்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மனைவி வேலை பார்க்கும் பேக்கிங் பகுதிக்கே மாறிவிட வேண்டும். இன்று விட்டால் இன்னொரு வருஷம் அந்த மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பாழாய்ப்போன பழக்கம் விடுகிறதா? வரிசையில் அரட்டையடித்துக்கொண்டே குழாயைப் பிடித்துவிட்டார் மனிதர்!

டாக்டரம்மா நெஞ்சைச் சோதித்துவிட்டு விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா சிவப்பாத்தானே இருக்கு?"

"காலையில பாருங்கம்மா, பொணத்துக் கை மாதிரி இருக்கும்."

"போன வருஷம் ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னால் வெளியே நிற்கிறவர்களின் குட்டும் உடைந்துவிடும்.

"சரி, சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

பொத்தான் நழுவியது. மறுபடியும் நழுவியது. அவர் சலித்துப்போய், கதவருகே நின்ற மனைவியின் முன்னால் போய் நின்றார். அடுத்துப் பரிசோதனைக்கு வர வேண்டியவள் அவள்தான்.

"இங்கேயுமா? வெட்கமே கெடையாது உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே அவள் பொத்தானைப் போட்டாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "தினமும் நீங்கதான் போடுவீங்களா?"

"ரெண்டு வருஷமா. நான் போட்டாத்தான் அன்னைக்கு நாள் நல்லாருக்குமாம்."

டாக்டரம்மா மேஜையில் நாலு சின்ன திருகாணிகளை வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுங்க."

தடவித் தடவிப் பார்த்தார். எடுத்துவிட்டோம் என்று நினைத்து உயர்த்திய விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை.

"இனிமே மெஷினைத் தொடக் கூடாது, எழுதித் தர்றேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா போன உணர்ச்சி திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியல."

கேட்ட காகிதம் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று உட்காரத் தோன்றியது அவருக்கு.

மனைவியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"பாவி மனுஷா, நீங்க செல்லம் கொஞ்சுறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்" என்றாள்.