விளையாட்டுக்குச் சொன்ன விடுதலை

ஜுமானாவை டைலம் மலைப்பக்கம் ஏதோ ஒரு போரில் பிடித்து வந்தார்களாம். கூஃபாவில் சித்தப்பா ஹுரைஸ் அவளை அடிமையாக வாங்கியபோது அவளுக்குப் பத்து வயது. பழைய பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

வாய்த்துடுக்கு அதிகம். வளர்ந்த பிறகு ஒருநாள் முற்றத்தில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"ஏண்டி, இது மீனா, முள்ளா?"

"உங்க தாடி மாதிரிதான் எசமான். பார்க்க அடர்த்தி, உள்ளே ஒண்ணுமில்ல."

தண்ணீர் ஊற்றவந்த கைசான் தோல்பையைக் கீழே போட்டுச் சிரித்தான். பக்கத்து வீட்டு உம்மு ஸியாதும் நானும் சிரித்தோம். சித்தப்பாவுக்கே அடக்க முடியவில்லை.

"போடி! இன்னியிலேர்ந்து நீ விடுதலை. உன் நாக்கை எவன் தாங்குறது!"

அவள் கை கழுவினாள். கிடைத்த கோணித்துணியை எடுத்துச் சுதந்திரமான பெண்களைப் போலத் தலையை மூடிக்கொண்டாள். நாங்கள் இன்னும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"விடுதலையில விளையாட்டு கிடையாது எசமான். சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் செல்லும்னு ஊருக்கே தெரியும்."

வழக்கு நீதி சொல்லும் காஜியிடம் போனது. ஒரு ஆணும் இரண்டு பெண்களும் சாட்சி சொன்னால் போதும். கைசான் சொன்னான். உம்மு ஸியாத் சொன்னாள். மிச்சம் நான்.

அப்பா இல்லாத எனக்குச் சித்தப்பாதான் பொறுப்பு. அண்ணனோடு குராசானுக்குப் போக அவர் சம்மதம் வேண்டும். மறுநாள் ஒட்டகங்கள் கிளம்புகின்றன.

"நீ அப்ப அங்க இல்லியேம்மா?" என்றார் அன்பாக.

"கிணத்தடிக்குப் போயிருந்தேன் சித்தப்பா."

ஆறு வருடம் நைசாபூர், மெர்வ் என்று சுற்றினேன். பார்த்த ஊர்களை யாரிடமும் ஆசையாகச் சொல்ல வரவில்லை.

திரும்பியதும் நேரே அடுப்படிக்குத்தான் போனேன். ஜுமானா தலை மூடாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் சாயலில் நாலு வயதுப் பெண் ஒன்று.

"ஜுமானா, காஜிகிட்ட வந்து சொல்றேன். நான் கேட்டேன்னு சொல்றேன்."

"யாரோட சேர்ந்து, சின்னம்மா? கைசான் போன வருஷம் கொள்ளைநோயில செத்துட்டான். வழக்கைத்தான் அப்பவே தள்ளிட்டாங்களே, அவன் சொன்னது இனிச் செல்லாது." மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா இவ சுதந்திரமா பொறந்திருப்பா. எசமான் மக கல்யாணத்துக்கு இவளைச் சீதனமாத் தர்றாங்களாம். பஸராவுக்கு."

அந்தக் குழந்தை என் செருப்பின் வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்த்தது.

அப்படியும் போனேன். காஜி பொறுமையாகக் கேட்டார்.

"இன்னொரு ஆண் சாட்சி உண்டா?"

"இல்ல."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஏம்மா வரல?"

வெயிலில், வாசலுக்கு வெளியே, ஜுமானா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கேட்கும் தூரம்தான்.

"ஊரைப் பார்க்கணும்னு ஆசையா இருந்தது" என்றேன்.