பதினேழாம் நம்பரின் வயிறு

குரங்குப் பண்ணையில் வேலை என்றால், பழத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது என்றுதான் என் மாமனாரே நினைத்தார்; வாயில்லா ஜீவன்களோடு மாரடிக்கும் உங்களுக்காவது என் பாடு புரியும்.

வியாழக்கிழமை

கல்வராயன் மலையடிவாரத்தில், ஆராய்ச்சிக்குக் குரங்கு வளர்த்த பண்ணை அது. வியாழன்தோறும் கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டர் வருவார். நான் பெண் குரங்குகளை வலை வீசிப் பிடித்து, கைகளைப் பின்னால் மடக்கிக்கொள்வேன். அவர் வயிற்றை அமுக்கி, சினையா இல்லையா என்று பார்ப்பார். சினை பிடிக்கும், ஐந்தரை மாதம் முழுக்கத் தங்காது. பதினேழாம் நம்பருக்கும் நாலாம் மாதத்தில் கலைந்தது. என் சட்டைப் பையில் கைவிட்டுக் கடலை எடுக்கிற உரிமை அவளுக்கு உண்டு. எனக்கு மனசே ஆறவில்லை.

"தீனிய மாத்துப்பா. நாம ஒரு குறையும் வைக்கலியே, வாரா வாரம் பாக்கறோமே!" என்றார் டாக்டர்.

பாட்டில்

அடுத்த முறையும் அவளுக்கு அதே நாலாம் மாதம். கலைந்ததைப் பாட்டிலில் போட்டு டாக்டருக்கு வைக்க வேண்டும். அவள் விடவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வலையை எடுத்தேன். கூண்டு கழுவும் வெள்ளிமலை முனியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"என்னுத எனக்குக் காட்டாமயே பொதைச்சுட்டாங்கண்ணே. இதாவது ரெண்டு நாளு வச்சிக்கினு இருக்கட்டும்."

மரம் விழுந்த சாலை

மூன்றாவது முறை. இதுவும் கலைந்தால் அவளை மெட்ராஸ் லேபுக்கு ஏற்றிவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அங்கே போனது எதுவும் திரும்பியதில்லை.

நாலாம் மாதம் தொடங்கும்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, தீனி லாரி இல்லை. சாலை திறந்த பிறகும் பயத்தில் டாக்டர் மூன்று மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. லாரி வரும்வரை, முனியம்மா ஊரிலிருந்து சுமந்து வந்த சாமையைக் கஞ்சியாக்கி, அரை வயிற்றுக்கு ஊற்றினோம். வலைக்கு வேலையே இல்லை. அந்தச் சமயத்தில் பண்ணையில் ஒன்றுகூடக் கலையவில்லை.

டாக்டரின் ஜீப் மறுபடி வந்தபோது பதினேழின் மடியில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா குடுத்த? மருந்தா?"

"ஒண்ணும் குடுக்கலீங்க. வலை போட்டுப் புடிக்கலீங்க, அவ்ளோதான்."

டாக்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இத்தினி நாளா நாமதானா?" என்றார்.

பிரசவம் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால், கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒன்றே ஒன்று பார்த்திருக்கிறேன் என்று சொல்வேன்.