பாய் வீட்டு ஐபி அட்ரஸ்

போன வெள்ளிக்கிழமை நான் லினக்ஸுக்கு மாறினேன். வைரஸ் வராதாம், காசும் கிடையாதாம்... விடுவேனா? மச்சான் கொடுத்த சிடியைப் போட்டு விண்டோஸை அடியோடு துடைத்தேன். எல்லாம் ஜம்மென்று வந்தது — இன்டர்நெட்டைத் தவிர!

ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க், கேட்வே என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறது. நான் என்னத்தைக் கண்டேன்? விண்டோஸில் அதையெல்லாம் கேபிள்காரர் வந்து போட்டுக் கொடுத்தார். அதைத்தான் துடைத்தாயிற்றே! அவருக்குப் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் கிழக்குத் தாம்பரம் தெருவில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே தீர்வுதான் — பக்கத்து வீட்டைப் பார்ப்பது. பெயின்ட் கலரிலிருந்து போர்வெல் ஆழம் வரை அப்படித்தான் முடிவாகிறது. பக்கத்து வீட்டு சுலைமான் பாய்க்கும் அதே கேபிள்காரர்தான்.

பாய் டயர் கடைக்காரர். அன்று ஜும்மா தொழுகை முடிந்தும் கடைக்குப் போகவில்லை. ஷார்ஜாவில் மகளுக்குக் குழந்தை பிறந்து, அன்றுதான் வெப்கேமில் பேரனை முதன்முதலாகக் காட்டப் போகிறார்கள். அங்கே இருக்கும் லேப்டாப் மருமகனின் நண்பருடையது. சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

நான் போய்க் கேட்டதும், "பாத்துக்கோங்க சார், நம்ம வூட்ல நெட் சூப்பரா கீது" என்றார். அவர் கம்ப்யூட்டரில் இருந்த எண்களைப் புள்ளி மாறாமல் எழுதி வந்து தட்டினேன். வந்தது! மனைவி முன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதற்குள் பாய் ஓடி வந்தார்.

"சார், ஒரே பேஜாரா கீது. பேரன் வர்ற நேரத்துல நெட் புட்டுக்கிச்சு. உங்க வூட்ல வருதா?"

"அருமையா வருது பாய்! இங்கேயே பாருங்க."

குடும்பமே வந்து உட்கார்ந்தது. ஆனால் வீடியோ சாட்டா, அப்படியென்றால் என்ன என்கிறது என் லினக்ஸ். எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. பாய் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அவங்க நம்பரையே அப்படியே போட்டீங்களா?"

"ஆமா, ஒண்ணு விடாம."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே டோர் நம்பர் போட்டா போஸ்ட்மேன் எங்க போவார்?"

சட்டென்று வயரைப் பிடுங்கினேன். பாய் குடும்பத்தோடு தன் வீட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் — "சார், வந்துட்டான் சார்! ஓடியாங்க!"

போனேன். ஸ்கிரீனில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு முகம். அது பெரிதாகக் கொட்டாவி விட, படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அந்தக் கொட்டாவியைப் பார்த்து பாய் அழுதுவிட்டார். இதையா கெடுக்க இருந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கறிவேப்பிலை, ஏணி, பேப்பர்... சுவர் தாண்டி எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். இந்த ஐபி அட்ரஸ் ஒன்று மட்டும் ஆகாது போலிருக்கிறது.

லினக்ஸுக்கு மாறியபின் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் — வயரைப் பிடுங்கியதுதான்!